2009-இல் எழுதிய சிற்றிதழ்த் தொகுப்புத் தளத்தைப் புதிய ஃபிரேம்வொர்க்குக்கு மாற்றுதல்: எங்கிருந்து தொடங்குவது?

பனையோலை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பழைய சிற்றிதழ்களின் கட்டுரைகளைத் தட்டச்சு செய்து வெளியிடும் ஒரு தொகுப்புத் தளத்தை நண்பர்கள் மூவர் சேர்ந்து பராமரித்து வருகிறோம். 2009-இல் பி.எச்.பி. என்ற நிரல்மொழியின் 5-ஆம் பதிப்பில் எழுதப்பட்ட தளம் அது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் ஏறத்தாழ 11,000 கட்டுரைகள் உள்ளன. 2014-இல் தேடல் பக்கத்தையும் வாசிப்புப் பக்கத்தையும் மட்டும் பக்கத்தை உலாவியிலேயே உருவாக்கும் ஆங்குலர்ஜேஎஸ் என்ற ஜாவாஸ்கிரிப்ட் ஃபிரேம்வொர்க் (தளம் கட்டுவதற்கான ஆயத்த நிரல் தொகுப்பு) கொண்டு மாற்றி எழுதினோம். அன்றைக்கு அது பெரிய முன்னேற்றமாகவே தோன்றியது.

இன்று நிலைமை கைமீறிக்கொண்டிருக்கிறது. பி.எச்.பி. 5.6-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2018 டிசம்பர் 31-உடன் நின்றுவிட்டன. ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-உடன் முடிந்தது. எங்கள் தளத்துக்குச் சர்வரில் இடம் தரும் நிறுவனம் இந்த ஆண்டு இறுதியில் பி.எச்.பி. 5.6-ஐ நீக்கப்போவதாக எழுதியிருக்கிறது. நிரலில் தரவுத்தளத்தை அணுகும் இடங்களிலெல்லாம் பி.எச்.பி. 7 வந்தபோதே நீக்கப்பட்ட பழைய மைஎஸ்க்யூஎல் செயற்கூறுகள்தாம் இருக்கின்றன. ஆகவே பதிப்பை மட்டும் உயர்த்திச் சமாளிக்க வழியில்லை.

வாசகர்களில் பெரும்பாலோர் கைபேசியில் படிப்பவர்கள். இணைப்பு மெதுவாக இருக்கும்போது வாசிப்புப் பக்கம் வெறுமையாக நிற்கிறது, சில வேளைகளில் தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் இரட்டை நெளிவு அடைப்புக்குறிகள் மட்டும் தெரிகின்றன. எனவே பக்கம் முழுவதும் சர்வரிலேயே உருவாகி உலாவிக்கு வந்து சேரும் முறைக்குத் திரும்புவது என்று முடிவு செய்துவிட்டோம். லாராவெல் (பி.எச்.பி.), ஜாங்கோ (பைத்தான்), நெக்ஸ்ட்.ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்ட்) ஆகிய மூன்று ஃபிரேம்வொர்க்குகளில் எதைத் தேர்வது, மாற்றத்தை எந்த வரிசையில் செய்வது என்பதில்தான் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது. இத்தகைய மாற்றத்தைச் செய்து முடித்தவர்களின் அனுபவத்தை அறிய விரும்புகிறேன்.

கீழைக்காற்று

நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸைத் தயங்காமல் எடுங்கள் என்பேன். 2023 மே மாதம் வெளியான 13.4 பதிப்பிலிருந்து சர்வர் கூறுகளை (சர்வரிலேயே இயங்கும் பக்கப் பகுதிகளை) அடிப்படையாகக் கொண்ட புதிய வழிசெலுத்தல் நிலைபெற்றுவிட்டது. கட்டுரை வாசிக்கும் பக்கத்தைச் சர்வர் கூறாக எழுதினால், அந்தக் கூறுக்கான ஜாவாஸ்கிரிப்ட் உலாவிக்குப் போகவே போகாது. தேடல் பெட்டி போன்ற சிறு பகுதிகளை மட்டும் உலாவியில் இயங்குமாறு பிரித்து வைத்துக்கொள்ளலாம். சர்வர், உலாவி இரண்டுக்கும் ஒரே மொழி என்பதும், அதன் அடித்தளமான ரியாக்ட் தெரிந்த இளைஞர்கள் எளிதில் கிடைப்பார்கள் என்பதும் கூடுதல் வசதி.

திண்ணைவாசி

கீழைக்காற்று அவர்கள் சொன்ன தொழில்நுட்ப விவரங்களில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் சூழலை வைத்துப் பார்த்தால் முடிவு வேறாக வருகிறது. மூவரும் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள், மூவருக்கும் தெரிந்தது பி.எச்.பி. இன்று எது வேகமாக எழுத வரும் என்பதைவிட, மூன்று ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் பாதுகாப்புத் திருத்தத்தை யார் உட்கார்ந்து போடுவார்கள் என்பதே முக்கியமான கேள்வி.

நெக்ஸ்ட்.ஜேஎஸ்ஸின் 15-ஆம் பதிப்பில், முன்பு இயல்பாகவே கேஷ் செய்யப்பட்டுவந்த (அதாவது விடை சேமித்து வைக்கப்பட்டு மீண்டும் பயன்பட்ட) தரவுக் கோரிக்கைகள் இனி கேஷ் செய்யப்படா என்று விதி மாறியது. மாற்றம் நல்லதுதான், ஆனால் அதைக் கவனித்து நிரலைத் திருத்த ஆள் வேண்டும். 2025 மார்ச்சில், கோரிக்கையுடன் ஒரு குறிப்பிட்ட ஹெடரை (தலைக்குறிப்பை) சேர்த்து அனுப்பினாலே மிடில்வேரில் (கோரிக்கை பக்கத்தை அடையுமுன் இயங்கும் இடைநிரலில்) வைத்திருக்கும் உள்நுழைவுச் சோதனையைத் தாண்டிவிடலாம் என்ற ஓட்டை வெளிவந்தது. அதே ஆண்டு டிசம்பரில் ரியாக்ட் சர்வர் கூறுகளிலேயே, வெளியாள் ஒருவர் தொலைவிலிருந்து சர்வரில் நிரலை இயக்க இடம் தரும் மிகக் கடுமையான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. உடனே திருத்தங்கள் வந்தன என்பது உண்மை. லாராவெலிலும் ஜாங்கோவிலும் ஓட்டைகள் வந்ததில்லை என்று நான் சொல்லவில்லை. தெரிந்த மொழியில் எழுதப்பட்ட தளத்துக்குத் திருத்தம் போடுவதும், பாதி தெரிந்த மொழியில் எழுதப்பட்ட தளத்துக்குத் திருத்தம் போடுவதும் ஒன்றல்ல என்பதையே சொல்கிறேன்.

என் பரிந்துரை லாராவெல். வார்ப்புருக்களைப் பிளேடில் எழுதினால், உங்கள் பழைய பி.எச்.பி. பக்கங்களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது அந்நியமாகத் தோன்றாது.

கீழைக்காற்று

பராமரிப்பைப் பற்றிய வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். நான் பணி செய்யும் இடத்தில் இதற்கென்றே நால்வர் இருக்கிறார்கள். அந்த வசதியை எல்லோருக்கும் உரியதாக எண்ணிக்கொண்டு எழுதிவிட்டேன். எதைத் தேர்ந்தாலும் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள்: கட்டுரையின் உரை முதல் மறுமொழியிலேயே, ஜாவாஸ்கிரிப்ட் அறவே இயங்காவிட்டாலும் படிக்கத்தக்க நிலையில் வந்து சேர வேண்டும். உலாவியில் ஜாவாஸ்கிரிப்டை நிறுத்திவிட்டு ஒவ்வொரு பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.

ஆலம்விழுது

எந்த ஃபிரேம்வொர்க் என்பதில் உங்களுக்குள் உடன்பாடு வந்துவிடும். நான் வரிசையைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இத்தகைய பணிகள் பெரும்பாலும் அங்கேதான் முறிகின்றன.

முழுவதையும் புதிதாக எழுதி முடித்துவிட்டு ஒரே நாளில் மாற்றிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தைத் தயவுசெய்து கைவிடுங்கள். நெட்ஸ்கேப் உலாவியின் கதை அனைவரும் அறிந்ததே. 1997-இல் 4-ஆம் பதிப்பு வந்தது, பிறகு அடித்தளத்தையே திரும்ப எழுதத் தொடங்கினார்கள், 5-ஆம் பதிப்பு வெளிவரவே இல்லை, 2000 நவம்பரில் 6-ஆம் பதிப்பு வருவதற்குள் வாசல் வேறொருவர் கைக்குப் போய்விட்டது.

மார்ட்டின் ஃபவுலர் 2004-இல் இதற்கு மாற்றாக ஒரு முறையை விவரித்து, ஆஸ்திரேலியாவின் குவின்ஸ்லாந்துக் காடுகளில் கண்ட, வேறொரு மரத்தைச் சுற்றி வளரும் அத்திவகை மரத்தின் பெயரை அதற்கு இட்டார். நம் ஊரில் பனைமரத்தின் மட்டை இடுக்கில் பறவை போட்ட ஆலவிதை முளைத்து, விழுதிறக்கி, மெல்லப் பனையைச் சூழ்ந்துகொள்வதைப் பார்த்தவர்களுக்கு இந்த உவமைக்காகக் காடுவரை போக வேண்டியதில்லை. ஆல் தன் வேரில் நிற்கும் வரையில் பனை நின்றுகொண்டுதான் இருக்கும்.

நடைமுறையில் இதைச் செய்வது கடினமன்று. கோரிக்கைகளை வாங்கி உரிய தளத்துக்குத் திருப்பும் என்ஜின்எக்ஸ் என்ற சர்வர் மென்பொருளை வாசலில் நிறுத்துங்கள். பழைய தளத்தை பி.எச்.பி. 5.6-உடன் ஒரு கன்டெய்னருக்குள் (தனித்து இயங்கும் மென்பொருள் பெட்டிக்குள்) வைத்து, வெளியுலகிலிருந்து நேரடியாக அணுக முடியாதபடி என்ஜின்எக்ஸுக்குப் பின்னால் மறைத்துவிடுங்கள். புதிய லாராவெல் தளம் அதன் பக்கத்தில் நிற்கட்டும். முதலில் கட்டுரை வாசிக்கும் பக்கத்தை மட்டும் புதியதற்குத் திருப்புங்கள், ஏனெனில் அது எதையும் எழுதுவதில்லை, வாசிக்க மட்டுமே செய்கிறது. பிறகு பட்டியல் பக்கங்கள், பிறகு தேடல், கடைசியாக உள்நுழைவும் பதிவேற்றமும்.

இரண்டு தளங்களும் ஒரே நேரத்தில் இயங்கும் காலத்தில் உள்நுழைவில்தான் சிக்கல் வரும். லாராவெல் தன் குக்கீகளை (உலாவியில் தளம் வைக்கும் சிறு குறிப்புகளை) மறையாக்கம் செய்து வைக்கிறது, எனவே பழைய தளம் வைத்த குக்கீயைத் தன்னுடையதென்று எண்ணிப் பிரிக்க முயன்று வெறுமையைத்தான் காணும். அந்த ஒரு குக்கீயை மட்டும் விதிவிலக்குப் பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டு நான் இரண்டு இரவுகளை இழந்தேன். கடவுச்சொற்கள் எம்டி5 என்ற பழைய, எளிதில் உடைபடும் மறைவடிவில் இருந்தால் அவற்றை அப்படியே பிகிரிப்ட் என்ற வலுவான மறைவடிவுக்குள் பொதிந்து சேமித்துவிடுங்கள். பயனர் அடுத்த முறை உள்நுழையும்போது, அவர் தட்டிய கடவுச்சொல்லை நேராக பிகிரிப்ட் செய்து மாற்றிக்கொள்ளலாம். யாருக்கும் கடவுச்சொல்லை மாற்றச் சொல்லி மின்னஞ்சல் அனுப்ப வேண்டியதில்லை.

பனையோலை

அனைவருக்கும் நன்றி. லாராவெல் என்று மூவரும் ஒருமனதாக முடிவு செய்தோம். ஆலம்விழுது அவர்கள் சொன்ன வரிசையில் தொடங்கி, வாசிப்புப் பக்கத்தை இரண்டே வாரங்களில் எழுதிவிட்டோம். அதன் பிறகு நேர்ந்ததை எழுதவே கை நடுங்குகிறது.

புதிய தளத்தைப் பழைய தரவுத்தளத்தோடு இணைத்தவுடன் ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியவில்லை. தலையில் கோடிட்ட இலத்தீன் எழுத்தும் வட்டத்துக்குள் ஆர் எழுத்துக் குறியும் மாறி மாறி வரிவரியாக நின்றன. பழைய தளத்தில் அதே கட்டுரை தெளிவாகத் தெரிகிறது. தரவுத்தளத்தின் நெடுவரிசைகள் லத்தீன்-1 (மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான குறியேற்றம்) என்று அறிவிக்கப்பட்டிருப்பதை அப்போதுதான் கவனித்தோம். இணையத்தில் தேடி, எழுத்துகளை விண்டோஸ்-1252 குறியேற்றத்துக்கு மாற்றி, மீண்டும் எல்லா மொழிகளுக்குமான யூடிஎஃப்-8 குறியேற்றமாகப் படிக்கும் சிறு பைத்தான் நிரலை எழுதி, பிழை வரும் இடங்களைத் தாண்டிச் செல்லுமாறு அமைத்து, 11,000 கட்டுரைகளுக்கும் ஓட்டினோம். தமிழ் வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். நண்பர் ஒருவர் உரக்கப் படித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: "முதல் பக்கம்" என்று இருக்க வேண்டிய இடத்தில் "மதல பககம" என்று இருக்கிறது. எல்லாக் கட்டுரைகளிலும் புள்ளிகள் போய்விட்டன. ஓட்டியது படியின் மீதுதான், மூலம் பத்திரமாக இருக்கிறது. ஆனால் எது போனது, ஏன் போனது என்று புரியாமல் அடுத்த அடி வைக்க அச்சமாக இருக்கிறது.

மெய்யெழுத்து

நண்பரே, மூலம் பத்திரமாக இருக்கிறது என்ற ஒரு வரி போதும், மற்றதெல்லாம் சரிசெய்யக்கூடியதே. இது ஏன் நடந்தது என்பதை விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் இந்தத் தவறு பல தமிழ்த் தளங்களின் மாற்றத்தில் நேரக்கூடியது, பாதிப்பு உடனே கண்ணுக்குத் தெரியாது.

யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியும் (எழுத்தோ, அதன்மேல் ஏறும் துணைக்குறியோ) 3 பைட்டுகள். உங்கள் பழைய தளம் அந்தப் பைட்டுகளை அப்படியே தரவுத்தளத்தில் போட்டது. தரவுத்தளமோ அவற்றை லத்தீன்-1 என்று எண்ணிக்கொண்டு, 1 பைட்டு 1 எழுத்து என்று வைத்துக்கொண்டது. எடுக்கும்போதும் அதே பைட்டுகள் திரும்பி வந்தன, பக்கம் யூடிஎஃப்-8 என்று அறிவித்திருந்ததால் உலாவி சரியாகக் காட்டியது. இரண்டு தவறுகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டிருந்தன. லாராவெல் தரவுத்தளத்தோடு ஒழுங்காக யூடிஎஃப்-8-இல் பேசத் தொடங்கியதும், அதில் ஒரு தவறு நீங்கி மற்றது மட்டும் எஞ்சியது.

இப்போது உங்கள் பைத்தான் நிரலுக்கு வருவோம். விண்டோஸ்-1252 குறியேற்றத்தில் 5 பைட்டுகளுக்கு எந்த எழுத்தும் ஒதுக்கப்படவில்லை. பதினாறடிமான எண்களில் அவை 81, 8டி, 8எஃப், 90, 9டி. தமிழின் புள்ளி 8டி என்ற பைட்டில் முடிகிறது, உகரக் குறி 81-இல் முடிகிறது, ஏகாரம் 8எஃப்-இல் முடிகிறது, ஐகாரம் 90-இல் முடிகிறது. பிழையைத் தாண்டிச் செல்லச் சொன்னதால் நிரல் அந்தப் பைட்டுகளைக் கைவிட்டது, அரைகுறையாக நின்ற மீதி இரண்டு பைட்டுகளை அடுத்த கட்டம் கைவிட்டது. எனவே புள்ளி மட்டும் போகவில்லை. "மதல" என்பதில் மகரத்தின் உகரமும் போயிருப்பதைக் கவனியுங்கள். சொல்லின் முதலில் நிற்கும் ஏயும் ஐயும்கூடப் போயிருக்கும். "ஐந்து" என்பது "நத" ஆகியிருக்கும், தேடிப் பாருங்கள்.

தீர்வு எளியது. எழுத்துகளை மாற்றும் எந்த நிரலும் வேண்டாம். மைஎஸ்க்யூஎல்லிலேயே நெடுவரிசையை முதலில் பைனரி வகைக்கு மாற்றுங்கள்: உரை வகையாக இருந்தால் பிளாப், குறுஞ்சரமாக இருந்தால் வார்பைனரி. அப்போது தரவுத்தளம் இது எந்த மொழி என்பதையே மறந்துவிடும், பைட்டுகள் அப்படியே இருக்கும். பிறகு அதை யூடிஎஃப்8எம்பி4 உரை வகையாக அறிவியுங்கள். மாறுவது அறிவிப்பு மட்டுமே. லத்தீன்-1-இலிருந்து நேராக மாற்றினால் மைஎஸ்க்யூஎல் தானே எழுத்துகளை மாற்றத் தொடங்கிவிடும், குப்பை நிரந்தரமாகிவிடும். மிகப் பழைய மைஎஸ்க்யூஎல் கட்டளைகளில் வரும், எம்பி4 இல்லாத யூடிஎஃப்8 என்ற பெயரைத் தேர்ந்துவிடாதீர்கள். அது 3 பைட்டுகளுக்கு மேற்பட்ட குறிகளை ஏற்காது. தமிழுக்கு அது போதும், ஆனால் வாசகர் கருத்துகளில் வரும் முகக்குறிகள் அதில் அடங்கா.

பனையோலை

படித்துவிட்டு நெடுநேரம் அமைதியாக அமர்ந்திருந்தேன். "ஐந்து" "நத" ஆகத்தான் இருந்தது. நீங்கள் சொன்ன முறையில் புதிய படியில் செய்தோம், ஒரு புள்ளியும் குறையவில்லை. ஆனால் தலைப்பு நெடுவரிசையில் மட்டும் 43 வரிகளில் தவறான சரம் என்று பிழை காட்டி நிற்கிறது.

மெய்யெழுத்து

அந்த நெடுவரிசையின் அளவு 255 என்று இருக்கும். லத்தீன்-1-இல் அது 255 பைட்டு, அதாவது தமிழில் 85 குறிகள் மட்டுமே. உயிர்மெய்யில் துணைக்குறி தனிக் குறியாகக் கணக்கிடப்படுவதால், 50 எழுத்துகளைத் தாண்டும் நீண்ட தலைப்புகள் வெட்டுப்பட்டிருக்கலாம். 255 என்பது 3-ஆல் வகுபடும் எண்தான், ஆனால் தலைப்பில் ஓர் இடைவெளியோ காற்புள்ளியோ இருந்தால் அது 1 பைட்டு என்பதால், வெட்டு ஒரு குறியின் நடுவே விழுந்துவிடும். அந்த 43 தலைப்புகளும் பழைய தளத்திலேயே குறைபட்டவை. அச்சிதழைப் பார்த்து மீண்டும் தட்டச்சு செய்வதைத் தவிர வேறு வழியில்லை. வெட்டு சரியாகக் குறியின் எல்லையில் விழுந்த தலைப்புகள் பிழை காட்டா, எனவே நீளம் 253 பைட்டுக்கு மேல் உள்ள அனைத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தேடலைத் தொடுவதற்கு முன் இன்னொன்றையும் செய்யுங்கள். "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் பைட்டுகளை ஒப்பிடும் தேடல் ஒன்றைத் தேடினால் மற்றதைக் காட்டாது. யுனிகோடின் என்எஃப்சி இயல்பாக்கத்தை (ஒரே எழுத்தின் இரு வடிவங்களை ஒன்றாக்கும் முறையை) எல்லா உரைக்கும், தேடல் பெட்டியில் வரும் சொல்லுக்கும் செய்துவிட்டால் இது தீரும். ஆனால் "ஔவை" என்பதை ஒகரமும் ளகரமுமாகத் தட்டியிருந்தால் இயல்பாக்கம் அதைத் தொடாது. யுனிகோடின் கண்ணில் அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள். "ஸ்ரீ" என்ற எழுத்தும் அவ்வாறே இரு வகையாகத் தட்டப்படுகிறது. இவற்றுக்குத் தனிப் பட்டியல் வைத்துக் கையால்தான் திருத்த வேண்டும்.

திண்ணைவாசி

ஆசிரியர் அகரவரிசைப் பக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள். யுனிகோடின் எண்வரிசையில் னகரம் நகரத்தை அடுத்து வந்துவிடுகிறது, றகரம் ரகரத்தை அடுத்து வருகிறது. நம் வரிசையில் இவை இரண்டும் கடைசியில் அல்லவா நிற்கின்றன? பி.எச்.பி.யின் இன்ட்டல் நீட்சியில் உள்ள கொலேட்டருக்கு (வரிசைப்படுத்தும் கருவிக்கு) தமிழ் என்று சொல்லிவிட்டால் ஒழுங்காக அடுக்கித் தரும். கட்டுரையின் முன்னோட்ட வரியை வெட்டுவதற்கும் அதே நீட்சியின் கிராஃபீம் (முழு எழுத்தைக் கணக்கிடும்) செயற்கூறுகளைப் பயன்படுத்துங்கள். பைட்டுக் கணக்கில் வெட்டினால் கடைசியில் கறுப்புக் கட்டத்தில் கேள்விக்குறி நிற்கும், குறிக் கணக்கில் வெட்டினால் "கி" என்பது "க" ஆகி நிற்கும்.

கீழைக்காற்று

முகவரிகளைப் பற்றி எவரும் கேட்காததால் நான் கேட்கிறேன். உங்கள் ஆங்குலர்ஜேஎஸ் பக்கங்களின் முகவரியில் ஹாஷ் குறி (#) இருக்கிறதா? இருந்தால், 301 என்ற நிரந்தர வழிமாற்றத்தைச் சர்வரில் வைத்துப் பயனில்லை. ஹாஷ் குறிக்குப் பின்னால் உள்ள பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்புவதே இல்லை, எல்லாக் கோரிக்கைகளும் முகப்புப் பக்கத்துக்கே வந்து சேரும்.

பனையோலை

இருக்கிறது. இதை நாங்கள் நினைக்கவே இல்லை. பத்து ஆண்டுகளாக வாசகர்கள் வாட்ஸ்அப்பிலும் வலைப்பூக்களிலும் பகிர்ந்த இணைப்புகள் எல்லாம் அந்த வடிவில்தான் உள்ளன. சில ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளிலும் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அச்சில் ஏறிவிட்ட முகவரியை யாராலும் திருத்த முடியாது.

கீழைக்காற்று

அப்படியானால் புதிய முகப்புப் பக்கத்தில் ஏழெட்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் வைத்து, ஹாஷ் பகுதியைப் படித்து, அதிலுள்ள கட்டுரை எண்ணை எடுத்து, புதிய முகவரிக்கு அனுப்புங்கள். ஆங்குலர்ஜேஎஸ் 1.6-இலிருந்து ஹாஷ் குறியை அடுத்து ஆச்சரியக்குறி இயல்பாகவே சேர்ந்தது. இடையில் பதிப்பை உயர்த்தியிருந்தால் இரண்டு வடிவங்களும் புழக்கத்தில் இருக்கும், இரண்டையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். புதிய முகவரியில் பழைய கட்டுரை எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்த் தலைப்பை முகவரியில் சேர்ப்பது அழகாக இருக்கும், ஆனால் ஒட்டும்போது ஒவ்வொரு குறியும் 9 எழுத்துகளாக விரியும் ("தமிழ்" என்ற ஒரு சொல் மட்டுமே 45). மின்னஞ்சலில் அது உடைந்து போனாலும் எண் மட்டும் போதுமென்று இருக்க வேண்டும். 2014-க்கு முந்தைய பி.எச்.பி. முகவரிகளுக்கு வழக்கமான 301 போதும். குறைந்தது ஓராண்டு வைத்திருக்குமாறு கூகுள் அறிவுறுத்துகிறது. ஆய்வேடுகளில் ஏறியவை என்றால் நீக்கவே நீக்காதீர்கள் என்பது என் வேண்டுகோள்.

பனையோலை

நான்கு மாதங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். வாசிப்பு, பட்டியல், தேடல் ஆகிய மூன்றும் புதிய தளத்தில் இயங்குகின்றன. மாற்றுவதற்கு முன், பழைய தளத்திலிருந்தும் புதிய தளத்திலிருந்தும் ஒவ்வொரு கட்டுரையின் உரையையும் எடுத்து, இரண்டையும் இயல்பாக்கி, வரிக்கு வரி ஒப்பிடும் நிரல் ஒன்றை எழுதினோம். முதல் ஓட்டத்தில் 300-க்கு மேற்பட்ட கட்டுரைகள் வேறுபட்டன. பெரும்பாலானவை கவிதைகள், வரிமுறிவுகளைப் புதிய வார்ப்புரு விழுங்கியிருந்தது. உரைநடைக்குப் பாதிப்பில்லை என்பதால் நாங்கள் பார்த்த மாதிரிப் பக்கங்கள் எதிலும் அது கண்ணில் படவில்லை. அந்த ஒப்பீடு இல்லாதிருந்தால் கவிதைகளையெல்லாம் உரைநடையாக வெளியிட்டிருப்போம்.

நீளம் பார்த்துத் தேடியதில், பிழை காட்டிய 43 தலைப்புகளோடு, பிழை காட்டாமலே வெட்டுப்பட்டிருந்த 19 தலைப்புகளும் கிடைத்தன. 58 தலைப்புகளை அச்சிதழ் பார்த்துச் சரிசெய்துவிட்டோம். எஞ்சிய நான்கும் எங்களிடம் இல்லாத ஓர் இதழின் 1987-ஆம் ஆண்டுப் பிரதிகளில் உள்ளவை. பொது நூலகங்களில் கேட்டிருக்கிறோம். அதுவரை அந்த நான்கு தலைப்புகளும் வெட்டுப்பட்ட இடத்தில் மூன்று புள்ளிகளோடு நிற்கும், கீழே ஒரு குறிப்பும் இருக்கும்.

பழைய தளம் இன்னும் கன்டெய்னருக்குள் இயங்குகிறது. பதிவேற்றப் பக்கம் ஒன்றுதான் அதில் மீதமிருக்கிறது. அதற்கான படிவத்தை லாராவெலில் எழுதிவிட்டோம். தட்டச்சு செய்யும் நண்பர்கள் இருவர் இந்த வாரம் அதில் பழகுகிறார்கள். அவர்கள் போதும் என்று சொன்ன அன்று பழையதை நிறுத்திவிடுவோம்.